டேப் ஃபிளாஞ்சிங்: பிளக்-இன்னில் அந்தச் சத்தம் வரவில்லை

மாடியறை:
வணக்கம். என் பாட்டின் கடைசிச் சரணத்தில் டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து அறுபதுகளின் இசைத்தட்டுகளில் கேட்குமே, சத்தம் சுழன்று மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் திறந்துகொண்டு, மறுபடி இறங்கும்! அது வேண்டும். கணினியில் பதிவு மென்பொருளுக்குள் மூன்று ஃபிளாஞ்சர் பிளக்-இன் (இந்தச் சுழற்சியைத் தரும் துணை நிரல்) போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாமே தகரக் குழாய்க்குள் வாசித்தது போல இருக்கிறது. டேப் மெஷின் இல்லாமல் முடியாதா?

பழையஸ்பூல்:
தாராளமாக முடியும். நான் இரண்டு டேப் மெஷின்களை வைத்துப் பல இரவுகள் இதைச் செய்தவன். ஒரே பதிவை இரண்டிலும் ஒன்றாக ஓட்டி, சம அளவில் கலக்க வேண்டும். ஒன்றின் ஸ்பூல் (டேப் சுற்றிய சக்கரம்) விளிம்பில் விரல் நுனியை வைத்தால் அது துளி பின்தங்கும். விரலை எடுத்து மற்றதில் வைத்தால், இப்போது அது பின்தங்கி, முதலாவது அதைக் கடந்து போகும். நீங்கள் சொல்லும் 'திறந்துகொள்ளும்' கணம் அந்தக் கடப்பதுதான்.

சாதாரண ஃபிளாஞ்சரில் நேர் ஒலிக்கு (மாற்றாத மூல ஒலிக்கு) தாமதமே கிடையாது, தாமதப்படுத்திய நகல் எப்போதும் பின்னால்தான். அப்புறம் எப்படிக் கடக்கும்? தகரச் சத்தம் ஃபீட்பேக்கால், அதாவது வெளிவரும் ஒலியை மறுபடி உள்ளே செலுத்துவதால், வருவது. அதைப் பூஜ்யமாக்குங்கள்.

டிராக்கை நகலெடுங்கள். முதல் டிராக்குக்கு மாறாத 5 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்). நகலுக்கு டேப் வகை டிலே, 8இல் தொடங்கி 2 வரை வரட்டும். இரண்டிலும் நேர் ஒலி கலக்கக் கூடாது, வால்யூம் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு டிலேக்கும் இடைவெளி 1 மில்லிசெகண்ட் இருக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், அந்த அதிர்வெண்களில் ஒலி அழிந்துபோகும். அரை மில்லிசெகண்டில் 1000, 3000, 5000. இடைவெளி சுருங்கச் சுருங்கப் பள்ளங்கள் மேலே ஓடும், காதுக்கு அது ஏற்றமாகக் கேட்கும்.

எல்எஃப்ஓ (தானாக ஒரே சீராக ஆட்டும் மெதுவான அலை) வேண்டவே வேண்டாம். நகலின் டிலே நேரத்தை ஒரு ஃபேடரில் (நகர்த்தும் குமிழில்) வைத்து, அதைக் கையால் நகர்த்தி, அந்த அசைவை மென்பொருளில் ஆட்டோமேஷனாக எழுதுங்கள். 6 மில்லிசெகண்டை 6 வினாடியில் கடந்தால் வேக மாற்றம் 0.1 சதவீதம்தான், சுருதி இரண்டு சென்ட்கூட (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) நகராது. விரல் ஒருபோதும் ஒரே சீராக அழுத்தாது. அந்த இழுப்பில்தான் உயிர் இருக்கிறது.

தாளக்காரன்:
ஒன்று சேர்க்கிறேன். முதலில் இரண்டு டிலேயையும் 5இல் நிறுத்தி, ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள்). முழு நிசப்தம் வந்தால் எல்லாம் சரி. மெல்லிய சத்தம் மிஞ்சினால் எங்கோ நேரமோ அளவோ பிசகுகிறது. திருப்பியபடியே விட்டால் கடக்கும் இடத்தில் ஒலி மொத்தமாக மறைந்து திரும்பும். பாட்டில் நிறுத்தம் உள்ள இடத்துக்கு அது அருமை.

மாடியறை:
மிக்க நன்றி! நிசப்தம் வரவில்லை. தேடினால், டேப் டிலேயில் டேப்பின் வேக ஆட்டமும் சாச்சுரேஷனும் (டேப் போன்ற ஒலிச் சிதைவும்) ஆன் ஆகி இருந்தன. அணைத்ததும் சுத்தமாக மறைந்தது. போலாரிட்டியைப் பழையபடி வைத்து ஃபேடரை நகர்த்தினேன். சிம்பலில் அந்த ஏற்றம் கேட்டதும் கை நடுங்கியது. கடக்கும் இடம் மட்டும் ஒரு தட்டு முந்திவிடுகிறது. நாலாவது தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழையஸ்பூல்:
ஏற்றத்தை ஒரு தட்டு தாமதமாகத் தொடங்குங்கள். கடக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள்.