அந்தமான் கல்யாணம் – குன்னூர்க் குழு

செந்தில்: புதன் மதியம் வேன் சொல்ல வேண்டும். எங்கே போகிறோம்?

அருவங்காடு பெரியப்பா: கார்பின்ஸ் கோவ் சாலை. போர்ட் பிளேரிலிருந்து கடலை ஒட்டியே போகும். 1942 மார்ச் 23 அன்று ஜப்பான்காரன் வந்து இறங்கினான். 1945 அக்டோபர் வரை இருந்தான். வெள்ளைக்காரன் கடல் வழியாகத் திரும்பி வருவான் என்று கரையோரம் கட்டிய கான்கிரீட் பதுங்கு குழிகள் இன்னும் சாலையோரம் நிற்கின்றன.

பிரியா: பெரியப்பா, ட்ரூக் கோட்டை மாதிரி இருக்காதே? அவ்வளவு தூரம் நடக்கவைத்து ஒரு சுவரைக் காட்டினீர்கள்.

பெரியப்பா: இதற்கு நடக்கவே வேண்டாம். வேனிலிருந்தே பார்க்கலாம்.

மாலதி அத்தை: என் முழங்காலுக்கு அதுவே சரி.

பெரியப்பா: ராஸ் தீவிலும் இருக்கிறது. படகில் போக வேண்டும்.

சரோஜா சித்தி: மேட்டுப்பாளையம் மலைப்பாதையிலேயே வாந்தி எடுப்பவர்களைப் படகிலா ஏற்றப்போகிறீர்கள்?

செந்தில்: வர்க்கி எத்தனை கிலோ?

பிரியா: கடல் காற்றில் நமத்துப்போகும்.

மாலதி அத்தை: டின்னில் போடலாம். போன முறை என் டின்னை யார் திருப்பித் தரவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

சித்தி: சொல்லிவிட்டீர்களே அண்ணி.

பெரியப்பா: அதற்கப்புறம் ஹம்ஃப்ரேகஞ்ச். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு 44 பேரை 1944 ஜனவரி 30 அன்று ஜப்பானியர் சுட்டுக் கொன்ற இடம். நேதாஜி போர்ட் பிளேரில் கொடி ஏற்றியது 1943 டிசம்பர் 30. சரியாக ஒரு மாதம். கொடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இவர்களை யார் நினைக்கிறார்கள்?

சித்தி: மறுநாள் தாலி கட்டுகிறார்கள். முந்தின நாள் துக்க இடத்துக்கா?

பெரியப்பா: கும்பிட்டுவிட்டு வருவதில் என்ன தோஷம்?

சித்தி: உங்கள் வேன் எங்கள் செல்வி கல்யாணத்துக்குத் தாலி கட்டிய பிறகுதானே வந்தது. அன்றும் வழியில் எதையோ பார்க்கத்தான் நின்றீர்கள்.

பிரியா: ஊர்ப் பெயரை 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். பத்திரிகையில் போர்ட் பிளேர் என்றே இருக்கிறது.

மாலதி அத்தை: ஐயோ, கேட்டருகே காட்டெருமை! முட்டைக்கோஸ் பாத்தியில் இறங்கிவிட்டது.

செந்தில்: வெளியே போகாதீர்கள் அத்தை.

சித்தி: ஹம்ஃப்ரேகஞ்சுக்கு முகூர்த்தம் முடிந்து போகலாம்.

பெரியப்பா: சரி. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூங்கிவிடுவீர்கள்.

செந்தில்: அப்படியானால் வேனை இரண்டு நாளுக்குச் சொல்லவா? வாடகையை யார் தருவது?

சித்தி: அண்ணி, காட்டெருமை போய்விட்டதா?