தேர்தலும் நடக்கிறது, தடையும் விழுகிறது: அப்படிப்பட்ட ஆட்சியில் அரசு சாரா இயக்கங்களால் என்ன பயன்?

ஈப்போ மாணவி:

வணக்கம். பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறேன். முழுச் சர்வாதிகாரம் என்றும் சொல்ல முடியாத, முழு ஜனநாயகம் என்றும் சொல்ல முடியாத ஆட்சிகளில் அரசு சாரா இயக்கங்கள் என்ன செய்கின்றன என்று கட்டுரை எழுத வேண்டும். ஆளுங்கூட்டணி தேர்தலில் தோற்ற 2018க்கு முந்தைய நம் மலேசியாவையே எடுத்துக்கொண்டேன். படித்தவரை இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. இந்த இயக்கங்கள்தான் ஆட்சியை அசைத்தன என்கிறது ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பதற்காக ஆட்சி வாசலில் வைத்திருந்த பூச்சட்டிகள் இவை என்கிறது மற்றொன்று. என் அப்பா இரண்டாவது கட்சி. “உண்மையிலேயே பயந்திருந்தால் விட்டுவைத்திருப்பார்களா?” என்று கேட்கிறார். நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்தின் ஊர்வலங்கள் நடந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். நேரில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கிள்ளான் கிராணி:

மகளே, நான் ஓய்வுபெற்ற கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம், நீங்களும் எழுதிப் பாருங்கள். 2011 ஜூலை 1: பெர்சே சட்டவிரோத இயக்கம் என்று உள்துறை அமைச்சு அறிவிக்கிறது. ஜூலை 9: அந்தச் சட்டவிரோத இயக்கத்தின் ஊர்வலம், 1,600க்கும் மேற்பட்டோர் கைது. 2012 ஏப்ரல் 28: அதே இயக்கத்தின் அடுத்த ஊர்வலம், முன்னதைவிடப் பெரியது. 2012 ஜூலை: அமைச்சின் தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்கிறது. இதை விட்டுவைத்தார்கள் என்பதா, விடவில்லை என்பதா? இரண்டும்தான். அந்த இடைவெளியில்தான் நாங்கள் எல்லாம் நடமாடினோம்.

மஞ்சள் பெர்சேயின் நிறம், அதனால் 2011 ஜூலையில் மஞ்சள் சட்டை போட்டவர்களையே பிடித்தார்கள். எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் எச்சரிக்க வந்தார். என் மனைவி, “அப்படியென்றால் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருகிற அத்தனை பேரையும் முதலில் பிடிக்கச் சொல்லுங்கள்” என்றாள். நான் சாதாரணச் சட்டையில்தான் போனேன். ஈரத் துண்டு ஒன்று, கண்ணீர்ப்புகைக்கு ஒரு பிடி உப்பு, அவ்வளவுதான் கைவசம்.

ஆனால் ஊர்வலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எண்ணும் வகுப்பைப் பற்றி எவரும் எழுதுவதில்லை.

திண்டாக் மலேசியா போன்ற குழுக்கள் வாக்குச்சாவடி முகவர்களுக்கும் எண்ணும் முகவர்களுக்கும் பயிற்சி நடத்தின. அப்படி ஒரு வகுப்பில் நானும் உட்கார்ந்தேன். மாதிரி வாக்குச் சீட்டுகளைக் கத்தையாகக் கொடுத்து, எது செல்லும், எது செல்லாது என்று பிரிக்கச் சொன்னார்கள். கட்டத்தைத் தாண்டிப் போன கோடு, பெருக்கல் குறிக்குப் பதில் சரிக் குறி, ஓரத்தில் யாரோ எழுதிய வசவு. பிறகு எண்ணிக்கையை எழுதும் படிவமான பாரம் 14: பெட்டியில் இருந்த சீட்டு எத்தனை, நிராகரித்தது எத்தனை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை, கையெழுத்து எங்கே, நகல் யாருக்கு. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கோ அலுவலகத்துக்குத் திரும்பிப் போன மாதிரி சுகமாக இருந்தது.

2018 மே 9, புதன்கிழமை. வேலை நாளில் தேர்தல் வைத்தார்கள். ஊருக்குப் போய் வாக்களிக்க வழியில்லாதவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் காரில் இடம் கொடுத்தார்கள், பஸ் டிக்கெட்டுக்குப் பணம் போட்டார்கள். நான் ஒரு பள்ளி அறையில் எண்ணும் முகவர். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. வகுப்பில் தேறியவன் என்று ஒரு வேட்பாளர் தரப்பு எடுத்துக்கொண்டது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டினார். நான் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக்கொண்டே வந்தேன். முடிவில் ஒரு சீட்டு குறைந்தது. அவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். “ஒன்றுதானே” என்றார். ஒன்றானாலும் பாரத்தில் எழுத வேண்டுமே என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி எண்ணினார். இரண்டு சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சதி இல்லை, ஈரக் கை. கையெழுத்துப் போட்டு நகலை நீட்டும்போது, “நீங்கள் ஆசிரியரா?” என்று கேட்டார். அவர்தான் ஆசிரியராம்.

அன்று இரவு நாடு முழுவதும் இப்படிப்பட்ட தாள்களின் படங்கள் கைப்பேசிகளில் பறந்தன. அறிவிப்பு தாமதமாகத் தாமதமாக, கையில் தாள் இருந்தவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. உங்கள் அப்பாவின் கேள்விக்கு என் பதில் அந்தத் தாள்தான். அந்தப் பாரம் அரசாங்கமே அச்சடித்தது. அதைக் கேட்டு வாங்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஓர் இயக்கம் தேவைப்பட்டது.

பழைய தோட்டத்துக்காரர்:

கிராணி ஐயா சொல்வது உண்மைதான். ஆனாலும் ஊர்வலத்தை இவ்வளவு சிறியதாக்கிவிட வேண்டாம். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட இண்ட்ராஃப் இயக்கம் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியே வந்த எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குப் பாரம் தெரியும்? தலைவர்கள் ஐந்து பேரை டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து, விசாரணையே இல்லாமல் காமுண்டிங் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். 2008 மார்ச் தேர்தலில் 1969க்குப் பிறகு முதல் முறையாக ஆளுங்கட்சிக் கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அந்தத் தேர்தலுக்கு வாங்கிய விரல் மையை, வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் வேண்டாம் என்று தேர்தல் ஆணையமே தூக்கிப்போட்டது. மை இல்லாமலே அடி விழுந்தது.

எண்ணுவது சரியாக இருந்து மட்டும் என்ன? 2013இல் எதிர்க்கட்சிகளுக்கு ஏறக்குறைய 51 விழுக்காடு வாக்கு. ஆளுங்கட்சிக்கு 222இல் 133 இடம். ஐயா, உங்கள் பக்கத்துக் காப்பார் தொகுதியில் 144,000 வாக்காளருக்கு ஒரு எம்.பி., புத்ராஜெயாவில் 16,000க்கும் குறைவானவர்களுக்கு ஒரு எம்.பி. தொகுதி வரைபடத்திலேயே தோற்கடித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். அதே 2013இல் இண்ட்ராஃபில் ஒரு பிரிவு ஆளுங்கட்சியோடு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பிரிவின் தலைவர் வேதமூர்த்தி துணையமைச்சர் ஆனார், மறு ஆண்டு பிப்ரவரியில் விலகினார். அந்தப் பிளவு தந்த வலி காமுண்டிங் கூடத் தரவில்லை.

ஈப்போ மாணவி:

இருவருக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒட்டிக்கொண்டிருந்த சீட்டைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் கட்சி மாறவில்லை. அவருடைய அடுத்த கேள்வி: இயக்கம் நடத்தியவர்கள் எல்லாம் பிறகு எம்.பி. ஆகப் போய்விட்டார்களே, அப்போது யார் கேட்பது?

கிள்ளான் கிராணி:

தோட்டத்துக்காரர் சொன்ன காப்பார் கணக்கு என் வயிற்றெரிச்சல். அங்கே வாக்களித்தவன் நான். ஒத்துக்கொள்கிறேன், தாள் அந்த வரைபடத்தைத் திருத்தவில்லை.

அப்பா பெர்சே தலைவராக இருந்த மரியா சின் அப்துல்லாவைத்தான் நினைத்துக் கேட்கிறார் போலிருக்கிறது. 2016 நவம்பரில், ஐந்தாவது பெர்சே ஊர்வலத்துக்கு முதல் நாள், பயங்கரவாதிகளுக்கு என்று கொண்டுவந்த சொஸ்மா சட்டத்தில் அவரைப் பிடித்துப் பத்து நாள் தனியறையில் வைத்தார்கள். 2018இல் பெர்சேயிலிருந்து விலகி, பெட்டாலிங் ஜெயாவில் நின்று வென்றார். எனக்கும் அப்போது மனம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் பெர்சே வேறு ஆட்களோடு தொடர்ந்து நடந்தது. “உண்டி 18” (உண்டி என்றால் மலாயில் வாக்கு) என்று சில இளைஞர்கள் சட்டை கசங்காமல் நாடாளுமன்றத்துக்கு நடையாக நடந்து, 2019இல் வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆக்கவைத்தார்கள். ஒரு எதிர் வாக்குகூட இல்லை. உங்கள் வயதுக்காரர்களுக்குக் கிடைத்த வாக்கு அது.

பூச்சட்டி என்று சொல்பவர்களுக்கு ஐரீன் ஃபெர்னாண்டஸ் வழக்கைக் காட்டுங்கள். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை எழுதி 1995இல் அவருடைய தெனாகானித்தா அமைப்பு வெளியிட்டது. 1996இல் பொய்ச் செய்தி என்று அவர்மீது வழக்கு. 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் விடுதலை ஆனது 2008இல். இந்த வரிசையையும் எழுதிப் பாருங்கள், மகளே. கடைசியில் அவர் ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவிக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினார். சும்மா இருந்த சட்டியை யாராவது இத்தனை காலம் தூக்கித் தூக்கி வைப்பார்களா?

கட்டுரைக்கு உதவும் என்றால் அந்த வகுப்பில் கொடுத்த மாதிரிச் சீட்டுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஈப்போ வருகிறேன். கொண்டுவருகிறேன். அப்பாவையும் ஒரு கத்தை பிரிக்கச் சொல்லலாம்.