ஜெட் ஸ்கி பம்ப்: மணல் கடலுக்கு எந்த வேர் ரிங் தாங்கும்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். என் ஜெட் ஸ்கி ஒரு மாதமாகக் கிளம்பும்போது திணறுகிறது. த்ராட்டிலை அழுத்தினால் எஞ்சின் அலறுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. வேகம் பிடித்த பிறகு ஓரளவு பரவாயில்லை.

பம்பைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறியான இம்பெல்லரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வேர் ரிங்கில் (மரத்து வேர் இல்லை, தேய்வதற்கென்றே வைத்த வளையம்!) வட்ட வட்டமாகக் கோடுகள். விரலால் தடவினால் நகம் மாட்டுகிறது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் இம்பெல்லருக்கும் ரிங்குக்கும் இடைவெளி ஒரு பக்கம் 0.9 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது. இம்பெல்லர் விளிம்பும் மழுங்கியிருக்கிறது.

காரணம் தெரியும்: கரையோரம், முழங்கால் ஆழத்திலேயே ஸ்டார்ட் செய்து ஓட்டிய என் சோம்பேறித்தனம். பம்ப் மணலை அப்படியே உறிஞ்சிவிடும். இனி இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்வேன், சரி.

இப்போது கேள்வி. மறுபடி பிளாஸ்டிக்கே போடுவதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிங்குக்கு மாறுவதா? ஸ்டீல் மெதுவாகத் தேயும். ஆனால் கல் சிக்கினால் பிளாஸ்டிக் தன்னைக் கொடுத்து இம்பெல்லரைக் காப்பாற்றும். அதோடு உப்புத் தண்ணீரில் ஸ்டீலும் பம்பின் அலுமினிய ஹவுசிங்கும் (வெளிக்கூடு) ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்குமே என்ற பயமும் உண்டு.

மணல் கடலில் ஸ்டீல் ரிங் போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மணி நேரம் தாங்கியது? அப்புறம், பழைய இம்பெல்லரைச் சீர் செய்து போடலாமா, புதிதே வாங்க வேண்டுமா?