தாத்தா வீட்டுச் சொந்தங்கள் குழு: தீமிதி விசிடி

பெகு சித்தி: அப்பா பெட்டியில இருந்த தீமிதி விசிடியை லேப்டாப்ல போட்டேன். படம் வரல, நாலஞ்சு ஃபோல்டர்தான் தெரியுது.

மோல்மேன் மாமா: எம்பெக்ஏவி-ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாரும்மா. அதுக்குள்ள ஏவிசீக்01, முடிவுல டிஏடி. அதுதான் படம்.

பெகு சித்தி: இருக்குண்ணே. தொட்டா எதுல திறக்கணும்னு கேக்குது.

மோல்மேன் மாமா: டிஏடிங்கிற பேரை எத்தனையோ மென்பொருள் தன் கணக்குவழக்குக்கு வச்சுக்கும். அதனால விண்டோஸுக்கு இது வீடியோன்னு தெரியாது. உள்ள இருக்கிறது எம்பெக்-1ங்கிற வீடியோ சுருக்கம், 1993ல வந்த விசிடி முறை. விஎல்சிங்கிற வீடியோ பிளேயரைத் திறந்து கோப்பை அதுல இழுத்து விடு. பேரை மாத்த வேண்டியதில்ல.

ரங்கூன் அண்ணன்: சித்தி, டிஸ்குல இருந்தே ஓட்டாதீங்க, முதல்ல காப்பி பண்ணுங்க. ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஒரு மணி நேரப் படம்னா 600 எம்பிக்குக் குறையாது.

பெகு சித்தி: பாதியில நின்னு பிழைன்னு காட்டுது.

ரங்கூன் அண்ணன்: அழுக்கா இருக்கும், இல்ல கீறல். மெல்லிய பருத்தித் துணியால நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா துடைங்க. வட்டமா மட்டும் துடைக்காதீங்க! தடத்தோட போற கீறல்ல தொடர்ச்சியா நிறைய தகவல் போயிடும், குறுக்குக் கீறலை டிரைவ் சமாளிச்சிடும். அப்பவும் வரலைன்னா வேற டிரைவ்ல போடுங்க. ஒண்ணு படிக்காத டிஸ்கை இன்னொண்ணு படிக்கும்.

பெகு சித்தி: வந்துருச்சு! டிவில கட்டம் கட்டமா தெரியுதே?

மோல்மேன் மாமா: படமே 352க்கு 288 புள்ளிதான், சில டிஸ்குல 240. எம்பி4 ஆக்கினா தெளிவாகும்னு யார் சொன்னாலும் நம்பாதே, மாத்த மாத்த இழப்புதான். அசலை அப்படியே ரெண்டு இடத்துல வை.

தங்கச்சி: மாமா, கேம்கார்டர்ல எடுத்த எம்டிஎஸ் கோப்புல ஆள் நடந்தா ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு.

மோல்மேன் மாமா: இன்டர்லேஸ்ம்மா. ஒற்றை வரி ஒரு தடவை, இரட்டை வரி ஒரு தடவைன்னு பதியும், அதுக்குள்ள ஆள் நகர்ந்துடுவார். விஎல்சி வீடியோ மெனுவுல டீஇன்டர்லேஸ் ஆன், முறை யாடிஃப் 2எக்ஸ்.

தங்கச்சி: மெட்ராஸ் அத்தை மகன் ஐபோன்ல அனுப்பின எம்ஓவி சத்தம் மட்டும் வருது.

ரங்கூன் அண்ணன்: எம்ஓவி வெறும் பெட்டி. உள்ள என்ன சரக்குன்னு பாக்கணும். விஎல்சில கன்ட்ரோல் ஜே அழுத்து.

தங்கச்சி: ஹெச்இவிசி, ஹெச்265ன்னு காட்டுது. விஎல்சில படமும் வருது, ஆனா திக்கித் திக்கி.

ரங்கூன் அண்ணன்: அது படத்தைச் சுருக்குற ஒரு முறை. அதைப் பிரிக்கிற வசதி உன் பழைய லேப்டாப் சில்லுல இல்ல, எல்லாப் பாரமும் பிராசசர் தலையில. ஹேண்ட்பிரேக்குன்னு வீடியோ மாத்துற மென்பொருள் இருக்கு, அதுல பழைய முறையான ஹெச்264 ஆக்கிக்கோ, ஃபாஸ்ட் 1080பி30ங்கிற அமைப்பு போதும். ஃபார்மட்ல எம்கேவி வை, அதுவும் எம்ஓவி மாதிரி ஒரு பெட்டிதான். நம்ம ஊர்ல கரண்ட் எப்பப் போகும்னு தெரியாது. எம்பி4க்கு எது எங்க இருக்குங்கிற அட்டவணையைக் கடைசியிலதான் எழுதும், பாதியில நின்னா கோப்பே திறக்காது. எம்கேவின்னா அதுவரை வந்தது ஓடும். இனிமே அனுப்புறதுக்கு அவனை செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வைக்கச் சொல்லு.

பெகு சித்தி: அண்ணே, தவில் சத்தம் பிந்தி வருது.

மோல்மேன் மாமா: ஓடும்போதே ஜே அழுத்து. ஒவ்வொரு தடவையும் 50 மில்லி வினாடி முந்தி வரும். அதிகமாயிட்டா கே.

பெகு சித்தி: ஆறு தடவை அழுத்தினேன். கையும் அடியும் சேர்ந்துருச்சு.