தொண்டி பக்கம் இறால் பண்ணை: ஜெனரேட்டர் ஓடி ஓடி நிற்கிறது, அவசரம்

தொண்டி பண்ணை (இரவு 9.40)
மாலையிலிருந்து மின்சாரம் இல்லை. காற்றும் மழையும் ஓயவில்லை. ஜெனரேட்டர் உடனே ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரம் ஓடுகிறது, பிறகு தானாக நின்றுவிடுகிறது. டீசல் நிறைய இருக்கிறது. பேட்டரி புதியது. குளங்களில் அறுவடைக்கு நெருங்கிய இறால் கிடக்கிறது, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்கள் ஓடாவிட்டால் பிழைக்காது. என்ன செய்யலாம்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏர்வாடி எலக்ட்ரீசியன் (9.46)
ஜெனரேட்டரின் திறன் எத்தனை கேவிஏ? நிற்கும்போது பேனலில் ஏதாவது விளக்கு எரிகிறதா? ஆயில் அழுத்தம் குறைந்தோ சூடு ஏறியோ நின்றால் பேனலே காட்டிவிடும். கடற்கரையில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை மின் பக்கம்தான். எஞ்சினை நிறுத்தும் சொலினாய்டுக்கு (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு) போகும் வயர் முனையை உப்புக்காற்று அரித்திருக்கும். அதை முதலில் பாருங்கள்.

மண்டபம் மெக்கானிக் (9.51)
தம்பி, சட்டென்று அணைகிறதா, வேகம் ஏறி இறங்கித் தவித்து அணைகிறதா? சட்டென்று என்றால் மேலே அண்ணன் சொன்ன மின் கோளாறு. தவித்து நின்றால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. டேங்க் எஞ்சினுக்கு அடியிலா, வெளியில் தனியாகவா? எந்த உலோகம்? டீசல் எப்போது நிரப்பியது? ஃபில்டர் எப்போது மாற்றியது? புகை என்ன நிறம்?

தேவிபட்டினம் இறால் (9.54)
எஞ்சினை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் இறாலைப் பாருங்கள். இரவுத் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். இருட்டில் பாசி ஆக்சிஜனை உண்டாக்காது, அதுவும் சேர்ந்து உறிஞ்சும். விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு மிகவும் கீழே போகும். இப்போதே ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 4 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 4 பங்கு) கீழே இறங்கினால் ஆக்சிஜன் மாத்திரையை ஏரேட்டர் எட்டாத மூலைகளில் போடுங்கள். தண்ணீர் இறைக்கும் டீசல் பம்ப் இருந்தால் குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து அதே குளத்தில் கொட்டுங்கள்.

தொண்டி பண்ணை (10.05)
62.5 கேவிஏ. பேனலில் எந்த விளக்கும் இல்லை. டேங்க் வெளியில், 500 லிட்டர், இரும்புத் தகடு. ஏரேட்டர்களைப் போட்டதும் வேகம் ஏறி இறங்குகிறது, பிறகு நிற்கிறது. சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. டீசல் போன மழைக்காலத்தில் நிரப்பியது.

கீழக்கரைவாசி (10.09)
பங்க்கில் மண்ணெண்ணெய் கலந்திருப்பார்கள். வேறொன்றும் இல்லை. எங்கள் கடை ஜெனரேட்டரும் இப்படித்தான் செய்தது. நல்ல பங்க்கில் புதிதாக வாங்கி ஊற்றுங்கள்.

பழைய பொறியாளர் (10.14)
போன மழைக்காலத்து டீசல் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். உதவி கேட்பவர்கள் அடிப்படை விவரங்களைக் கொடுக்கப் பழகிக்கொள்வது நல்லது. இதை நான் பல முறை சொல்லியாகிவிட்டது. சற்று விட்டால் மறுபடி ஓடுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. ஃபில்டர் முகத்தில் ஒட்டிய சேறு, எஞ்சின் நின்றதும் உதிர்ந்து கீழே விழுகிறது; ஓடும்போது மறுபடி ஒட்டுகிறது. லோடு இல்லாதபோது கசியும் டீசலே எஞ்சினுக்குப் போதும். லோடு ஏறினால் போதாது. கலப்படம் செய்த டீசல் இப்படி நின்று நின்று ஓடாது, கீழக்கரைக்காரரே. சந்தேகம் இருந்தால் பங்க்கில் அடர்த்தி பார்க்கும் கருவி இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து (10.17)
டேங்க்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட் (ஆல்கஹால்) வாங்கி ஊற்றுங்கள். தண்ணீரை இழுத்துக் கரைத்துவிடும். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

மண்டபம் மெக்கானிக் (10.20)
ஸ்பிரிட் ஊற்றவே ஊற்றாதீர்கள், தம்பி! ஸ்பிரிட் சாதாரண வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் அப்படி ஒரு டேங்க்கை வைத்துக்கொண்டு யாரும் தூங்க முடியாது. பம்ப்பும் டீசலைத் தெளிக்கும் நாசிலும் டீசலின் வழவழப்பிலேதான் வாழ்கின்றன, அதையும் ஸ்பிரிட் கெடுத்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். முதலில் டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் டேங்க்குக்குள் காற்று போய்வரும் துளையான காற்றுப்போக்கி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். குளவி கூடு கட்டினாலே போதும். நின்றால் அந்த டேங்க்கை இன்றிரவு மறந்துவிடுங்கள். சுத்தமான கேனில் புது டீசல் வாங்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் வையுங்கள். உறிஞ்சும் ஹோஸை அதில் விடுங்கள். எஞ்சின் மீதி டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனில் விடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் கேன் டீசல் பழைய டேங்க்குக்குப் போய்ச் சேரும், கேன் வெறுமையாகிவிடும். இரண்டு ஃபில்டரையும் மாற்றி, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வடித்து, கை பம்ப்பால் அடித்து, குழாயில் சிக்கிய ஏரை (காற்றை) எடுங்கள். ஏரேட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்.

தேவிபட்டினம் இறால் (10.24)
ஃபில்டர் இல்லையென்றால் சொல்லுங்கள். என்னிடம் 62.5 கேவிஏவுக்கு ஒரு செட் இருக்கிறது. பையனை வண்டியில் அனுப்புகிறேன்.

பாம்பன் விசைப்படகு (10.41)
அந்தச் சேறு டீசலில் வளரும் பூஞ்சைதான். இந்தக் கூத்து பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் மாசு விதி) டீசல் வந்த பிறகுதான். முன்பு டீசலில் கந்தகம் இருந்தது, வருடக்கணக்கில் கெடாது. இப்போது கந்தகத்தை எடுத்துவிட்டார்கள், பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

பழைய பொறியாளர் (10.52)
முழுக்கச் சரியில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் 10 பிபிஎம் கந்தகம்தான். அதற்கு முந்தைய பிஎஸ்-4இல் 50. ஆனால் விமான எரிபொருள் டேங்க்குகளில் இதே வகைப் பூஞ்சை 1950களிலேயே தொல்லை கொடுத்திருக்கிறது. பூஞ்சைக்குத் தேவை தண்ணீர். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் அது வளர்கிறது: கீழே குடிநீர், மேலே உணவு. தண்ணீர் இல்லாத டேங்க்கில் அதற்கு வாழ்வு கிடையாது.

பாம்பன் விசைப்படகு (10.58)
தண்ணீர் வராமல் எப்படி இருக்கும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகு கரையில் கிடக்கிறது. டேங்க் பாதி காலியாக இருந்தால் இரவில் உள்ளே வியர்க்கிறது. அந்த வியர்வைதான் தண்ணீர். அதனால் நாங்கள் தடைக்காலத்துக்கு முன் டேங்க்கை நிரப்பிவிடுவோம்.

பழைய பொறியாளர் (11.10)
கணக்குப் போட்டுப் பேசுங்கள். 32 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 34 கிராம் ஈரத்தைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம். 500 லிட்டர் டேங்க் பாதி காலி என்றால் உள்ளே கால் கனமீட்டர் காற்று. ஓர் இரவில் வியர்த்து விழக்கூடியது மூன்று கிராமுக்கும் குறைவு, ஒரு தேக்கரண்டி கூட இல்லை. மறுநாள் வெளிக்காற்று மாறுவதும் சிறிதளவே. லிட்டர் கணக்கில் தண்ணீர் வடிந்தால் அது மூடி வழியாகவோ காற்றுப்போக்கி வழியாகவோ வந்த மழை. வியர்வையைக் குறை சொல்பவர்கள் மூடியைப் பார்ப்பதே இல்லை.

பாம்பன் விசைப்படகு (11.15)
படகில் ஒரு தடவை டேங்க்குக்குள் கையை விட்டுப் பார்த்தவன் நான். அடியில் கறுப்பு வழுவழுப்பு, அழுகிய முட்டை நாற்றம். லிட்டர் கணக்கில் தண்ணீர் ஒன்றும் இல்லை. மெல்லிய படலம்தான்.

மண்டபம் மெக்கானிக் (11.22)
இரண்டு பேர் சொல்வதும் பொருந்துகிறது. பெருந்தண்ணீர் மூடி வழியாகத்தான் வருகிறது. ஆனால் பூஞ்சைக்கு லிட்டர் தேவையில்லை, அந்தப் படலமே போதும். ஆகவே டேங்க் நிரம்பியிருப்பதும் நல்லது, மூடி இறுகியிருப்பதும் நல்லது. முட்டை நாற்றம் வந்துவிட்டால் கந்தக பாக்டீரியா தகட்டை அரிக்கத் தொடங்கிவிட்டது. பூஞ்சை மருந்து ஊற்றினால் மட்டும் போதாது. செத்த பூஞ்சை எல்லாம் ஃபில்டருக்குத்தான் வரும். டேங்க்கின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும்.

கீழக்கரைவாசி (11.30)
இவ்வளவு டீசலை வீட்டில், பண்ணையில் வைப்பது சட்டப்படி சரியா?

பழைய பொறியாளர் (11.36)
பெட்ரோலியச் சட்டத்தைப் படிக்கலாம். டீசல் பி வகுப்பு. ஒரே இடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், எந்த ஒரு கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. 500 லிட்டர் பிரச்சினையே இல்லை.

ஏர்வாடி எலக்ட்ரீசியன் (11.44)
தொண்டிக்காரரிடமிருந்து பதில் இல்லையே. என்ன ஆயிற்று?

தேவிபட்டினம் இறால் (11.50)
பையன் ஃபில்டரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறதாம். செல்போன் கோபுரமும் போய்விட்டதாகச் சொன்னான்.

ஒரு விஷயம், நண்பரே. விடிந்ததும் டேங்க் அடித்தண்ணீரில் ஒரு துளி எடுத்து நம் ரெஃப்ராக்டோமீட்டரில் (குளத்து உப்பளவு பார்க்கும் கருவி) வைத்துப் பாருங்கள். டீசல் ஒட்டாத துளியாக இருக்க வேண்டும், அதனால் பாட்டிலில் சற்று நேரம் வைத்து அடியிலிருந்து எடுங்கள். உப்பு அதிகம் காட்டினால் கடல்நீர். பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்றால் மழை. குளத்துக்கு வாங்கிய கருவி இதற்கும் உதவும்.

மண்டபம் மெக்கானிக் (11.58)
நல்ல யோசனை, அண்ணே. இதை நான் யோசித்ததே இல்லை. தம்பி, இன்னொன்று. டேங்க்கிலிருந்து எஞ்சினுக்கு துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். துத்தநாகம் டீசலுடன் சேர்ந்து சோப்பு மாதிரி பிசுபிசுப்பை உண்டாக்கும், அதுவும் ஃபில்டரை அடைக்கும். கறுப்பு இரும்புக் குழாய் போதும். உறிஞ்சும் வாய் டேங்க் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். டேங்க்கை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள், தாழ்ந்த மூலையில் வடிகால் குழாய் இருக்கட்டும். அதை அவ்வப்போது திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக மின்ன வேண்டும். மங்கலாக இருந்தால் தண்ணீர். பங்க்காரர்கள் அளவுக்கம்பியில் தடவும் தண்ணீர் காட்டும் பசையும் கேட்டால் கொடுப்பார்கள். மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் ஏரேட்டர்களோடு ஓட்டுங்கள். சும்மா ஓட்டினால் சைலன்சரில் கரிதான் சேரும், டேங்க்கும் வெறுமையாகாது, பழைய டீசலும் தீராது.

தொண்டி பண்ணை (காலை 6.20)
ஓடுகிறது. மூடியைத் திறந்துவைத்தும் நின்றது, அதனால் கேன் வைத்து இரண்டு ஹோஸையும் விட்டோம். ஆக்சிஜன் ஒரு குளத்தில் மட்டும் கீழே போனது. இறால் பிழைத்திருக்கிறது. ஃபில்டர் உள்ளே கறுப்புக் கூழ். டேங்க் அடியில் இரண்டு குடம் தண்ணீர். ரெஃப்ராக்டோமீட்டர் உப்பு ஆயிரத்துக்கு 3 என்று காட்டியது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறது. அனைவருக்கும் நன்றி. மின்சாரம் இன்னும் வரவில்லை.

பழைய பொறியாளர் (6.34)
3 என்றால் மழைநீர்தான். கடல் தூறலின் உப்பு மூடியின் மேல் படிந்து, மழையோடு இறங்கியிருக்கிறது. உப்பு உள்ளே போனதால் வெறுமனே வடித்தால் போதாது, டேங்க்கை முழுக்கக் காலி செய்து துடைத்த பிறகுதான் புது டீசல் ஊற்ற வேண்டும். நாசில்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுப்போக்கியை வளைந்த முனையாக, கடலுக்கு எதிர்ப்புறம் திரும்பும்படி வையுங்கள்.

தேவிபட்டினம் இறால் (6.41)
அந்த இரண்டு குடத் தண்ணீரை எங்கே கொட்டினீர்கள்? ஓடையில் கொட்டிவிடாதீர்கள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் பக்கத்துப் பண்ணைகளும் இறைக்கின்றன.

தொண்டி பண்ணை (7.02)
கொட்டவில்லை. மூடிபோட்ட டிரம்மில் இருக்கிறது.

மண்டபம் மெக்கானிக் (7.08)
அப்படியே நிழலில் வையுங்கள். மேலே டீசல் மிதந்து பிரிந்ததும் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம், எஞ்சினுக்கு வேண்டாம். மீதியைப் பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். நான் எங்கள் பட்டறை ஆயிலைக் கொடுப்பவரின் வண்டி வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் வருகிறது, சொல்லிவைக்கிறேன்.