ஊசி போடக் கூட்டிப்போனாலே நடுங்கும் நாய்: என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி வாசகி:

எங்கள் வீட்டில் கருப்பன் என்ற நாட்டு நாயும் குண்டு என்ற பூனையும் இருக்கின்றன. கருப்பனுக்கு மூன்று வயது. தெருவில் யார் வந்தாலும் வாலை ஆட்டுகிறவன், கால்நடை மருத்துவரின் தெருமுனை வந்ததும் ஆட்டோவின் தரையோடு ஒட்டிக்கொள்கிறான். உள்ளே நுழைந்தவுடன் சிறுநீர் கழித்துவிடுகிறான். சென்ற ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதற்கு மூன்று பேர் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. உதவியாளரின் கையைக் கவ்வவும் போனான். இத்தனைக்கும் வீட்டில் குழந்தைகள் அவன் தட்டில் கை வைத்தால்கூட உறுமமாட்டான்.

இந்த ஆண்டு ஊசிக்கு நாள் நெருங்குகிறது. "காம்பவுண்டைத் தாண்டாத நாய்க்கு எதற்கு ஊசி, இந்த வருடம் விட்டுவிடலாமே" என்கிறார் மாமியார். எனக்கு மனம் ஒப்பவில்லை. குண்டுவின் பாடு வேறு. பரணிலிருந்து கூடையை இறக்கும் சத்தம் கேட்டாலே பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறது. எங்களிடம் கார் இல்லை, ஆட்டோதான். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி பூனைவீடு:

பூனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கூடையைப் பரணில் வைக்காதீர்கள். கூடத்தின் ஒரு மூலையில், கதவைக் கழற்றிவிட்டு, எப்போதும் தரையிலேயே கிடக்கட்டும். உள்ளே நீங்கள் உடுத்திய பழைய பருத்திப் புடவையைத் துவைக்காமல் மடித்துப் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் கூடைக்குப் பக்கத்திலும், சில நாள் கழித்து வாயிலிலும், பிறகு உள்ளேயும் வையுங்கள். எங்கள் வீட்டுப் பூனைகள் இப்போது மதியத் தூக்கத்துக்கே அதற்குள்தான் போகின்றன.

வாங்குவதானால் மேல்மூடி தனியே கழன்றுவரும் பிளாஸ்டிக் கூடாக வாங்குங்கள். மருத்துவர் பூனையை வெளியே இழுக்கத் தேவையில்லை. மூடியை மட்டும் எடுத்துவிட்டு, கீழ்ப்பாதியில் உட்கார்ந்தபடியே பரிசோதிக்கலாம். காத்திருக்கும் இடத்தில் கூட்டைத் தரையில் வைக்காமல் நாற்காலியிலோ மடியிலோ வைத்து, மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடுங்கள். பூனைக்கு உயரம் தைரியம் தரும், எதிரே நாய் தெரியாமல் இருப்பது அதைவிடத் தைரியம் தரும்.

வாலாஜா, ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

அம்மா, எதைச் செய்தாலும் ஊசியை விட்டுவிடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு நாயையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் காப்பாற்ற முடியாது. வாசல் கேட்டின் இடுக்கில் மூக்கை நீட்டும் நாய்க்குத் தெருநாயின் கடி விழ ஒரு நொடி போதும். குழந்தைகள் இருக்கும் வீடு என்று வேறு சொல்கிறீர்கள். மாமியாரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்.

நான் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராகச் சேர்ந்தவன். மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரிந்தது. அந்தக் காலமெல்லாம் மருத்துவர் ஊசியோடு வரும்போது விலங்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பயம் எங்கே தொடங்குகிறது என்பதை என் கைகள் அறியும். அது மேசையில் தொடங்குவதில்லை. வீட்டில் சங்கிலியை எடுக்கும் விதத்தில், ஆட்டோவின் குலுக்கலில், வாசலில் காத்திருக்கும் நேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, மேசைக்கு வரும்போது முற்றிவிட்டிருக்கும். மேசையில் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். மேசைக்கு முன்னால் செய்வதுதான் பயன் தரும்.

கருப்பன் கவ்வப் போனதற்கு முன்பே பலமுறை சொல்லியிருப்பான். பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் காலிடுக்கில் செருகுவது, நீட்டும் பிஸ்கட்டை வாங்காமல் இருப்பது எல்லாம் பயத்தின் பேச்சு. பாதம் வியர்த்து எஃகு மேசையில் ஈரத் தடம் விழும். வீட்டில் ஆசையாகத் தின்னும் ஒன்றை அங்கே மறுக்கிறான் என்றால், அன்று அவசரமில்லாத எந்த வேலையும் செய்யாமல் திரும்பி வந்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டிலேயே இப்படிப் பழக்குங்கள். கோழி ஈரலை உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். காதை ஒருமுறை தொட்டு ஒரு துண்டு. பாதத்தைக் கையில் ஏந்தி ஒரு துண்டு. உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து ஒரு துண்டு. எப்போதும் தொடுவது முதலில், ஈரல் பிறகு. மாற்றிச் செய்தால் ஈரலைக் கண்டாலே பயப்படத் தொடங்குவான். அவன் காலை இழுத்துக்கொள்வதற்கு முன்பே நீங்கள் விட்டுவிட வேண்டும். அது பழகியதும், ஒரு எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தை நெஞ்சில் வையுங்கள், ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ச்சி அதுதான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சைச் சற்றுத் தள்ளி வைத்து, அந்த வாசனையில் நின்றபடி ஈரல் தின்னட்டும். கடைசியாக, தோள்பட்டைத் தோலை மெதுவாகக் கூட்டிப் பிடித்து, பேனா மூடியின் முனையால் லேசாக அழுத்தி விடுங்கள். இதைப் பழகிய நாய்க்கு ஊசி என்பது தெரிந்த அழுத்தமும் அதற்குப் பிறகு வரும் ஈரலும்தான்.

இன்னொன்று, ஊசியில்லாத நாளில் மருத்துவரின் இடத்துக்குச் சும்மா போய் வாருங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் அனுமதிப்பார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தில் நிற்கவைத்து, ஈரல் கொடுத்து, திரும்பி வந்துவிடுங்கள். (இதைப் படிக்கும் குட்டி நாய்க்காரர்களுக்கு: தடுப்பூசிகள் முடியாத குட்டியை அங்கே தரையில் விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கையில் வைத்துக்கொண்டே காட்டி வாருங்கள்.)

முக்கியமான நாளில் உள்ளே போய் உட்காராதீர்கள். பெயரைப் பதிந்துவிட்டு வெளியே மர நிழலில் நில்லுங்கள், முறை வந்ததும் நேராக அறைக்குள் போங்கள். ஒரு ரப்பர் விரிப்பையோ தடித்த கோணிச் சாக்கையோ கையோடு எடுத்துச் சென்று மேசைமேல் போடச் சொல்லுங்கள். கால் வழுக்கும்போது நாய்க்கு வரும் பீதி ஊசியால் வருவதைவிடப் பெரிது. கருப்பன் அளவுள்ள நாயை மேசையில் ஏற்றவே வேண்டாம், தரையில் வைத்தே போடலாம். நீங்கள் முகத்தருகே இருந்து ஈரலை நக்கக் கொடுத்துக்கொண்டிருக்க, மருத்துவர் பக்கவாட்டிலிருந்து வரட்டும்.

பொய்கைச் சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். விவரம் தெரிந்த தரகர் புது மாட்டின் முகத்துக்கு நேரே போய் நிற்கமாட்டார். பக்கத்தில் வந்து தோளில் கையை வைத்து, அந்தக் கையை எடுக்காமலேயே நகர்வார். நான் அவர்களிடம் கற்றது நிறைய.

குடியாத்தம் விவசாயி:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நாய்க்கு இவ்வளவு பழக்கம் தேவையா? எங்கள் பட்டியில் ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் ஊசி போடும்போது பிடித்துக் கட்டித்தான் போடுகிறோம். இரண்டு நிமிட வேலை. வேலைக்குப் போகிற வீட்டில் யாருக்கு இத்தனை நேரம் இருக்கிறது?

வாலாஜா, ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

தம்பி, நியாயமான கேள்வி. அடிபட்டு ரத்தம் கொட்டும் விலங்கையோ மூச்சுத் திணறும் விலங்கையோ உடனே பிடித்துத்தான் ஆக வேண்டும். அங்கே பழக்கத்துக்கு நேரமில்லை. ஆனால் ஆண்டு ஊசி அவசரமில்லை, தேதி முன்பே தெரியும். நான்கு பேர் அழுத்தினால் இந்த ஆண்டு இரண்டு நிமிடத்தில் முடியும். அடுத்த ஆண்டு அதே நாய்க்கு ஐந்து பேர் வேண்டும், அதற்கடுத்த ஆண்டு அதை ஆட்டோவிலேயே ஏற்ற முடியாது. கடைசியில் வீட்டுக்காரர்கள் ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். நம் தாலுகாக்களில் ஊசி போடாமல் விடப்பட்ட வீட்டு நாய்கள் பலவற்றின் கதை இதுதான், எனக்கு மிகவும் வருத்தம் தரும் கதை.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் சோறு வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். நீட்டினால் கெடும். ஆடுகளுக்கும் சொல்கிறேன், கொட்டகையில் ஒருமுறை தீவனம் காட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். துரத்திப் பிடித்த ஆடு அன்று மாலை வரை சரியாக மேயாது, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சத்துவாச்சாரி வாசகி:

ஐயா, மிக்க நன்றி. மாமியாருக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். குழந்தைகள் பற்றிய இடத்தில் சற்று யோசித்தார்.

இரண்டு சந்தேகங்கள். போகும் முன் ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் அமைதியாக இருப்பான் என்று மருந்துக்கடையில் ஒருவர் சொன்னார், கொடுக்கலாமா? கருப்பன் யாரையாவது கடித்துவிடுவானோ என்ற பயத்துக்கு வாய்க்கூடு போடலாமா? அது அவனுக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது.

பாகாயம், கால்நடை மருத்துவ மாணவி:

மாத்திரை பற்றி நான் சொல்கிறேன். மருந்துக்கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு மனிதரின் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் நஞ்சு, ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். சில மனித மருந்துத் திரவங்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

ஆனால் பயத்தைத் தணிக்கும் மருந்தே கூடாது என்பதில்லை. பூனைகளுக்குக் காபாபென்டினும் நாய்களுக்குக் காபாபென்டின் அல்லது டிராசோடோனும் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது வழக்கம். புறப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு கொடுக்கச் சொல்வார்கள். அளவு எடையைப் பொறுத்தது, சிறுநீரகக் கோளாறு உள்ள விலங்குக்கு அளவு மாறும். எங்கும் போகாத ஒரு நாளில் வீட்டிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டால், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். பழைய பழக்கத்தில் அசிப்ரோமசின் மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. அது உடலைத் தளரவைக்கும், பயத்தைக் குறைக்காது. நாய் அசையாமல் கிடக்கும், உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

பயம் நோயறிதலையும் குழப்பும். நாய்க்கும் பூனைக்கும் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பயந்த விலங்குக்கு அது ஏறிவிடும், காய்ச்சல் என்று தோன்றும். பூனைக்குப் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை எகிறும், நீரிழிவு இல்லாத பூனைக்கும் சிறுநீரில் சர்க்கரை தெரிவது உண்டு. அதனால் அமைதியான பூனையிடம் எடுக்கும் ரத்தம்தான் நம்பகமானது. குண்டு வாயைத் திறந்து நாய்போல மூச்சு வாங்கினால் அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிடரியைப் பிடித்துத் தூக்குவதையும் தவிருங்கள். பெரிய பூனை அதில் அடங்கிப்போவது அமைதியால் அல்ல. ஒரு தடித்த துண்டால் கழுத்தைச் சுற்றி அணைத்து, உடலின் கீழ்ப்பகுதியைத் தாங்கிப் பிடித்தால் போதும். இன்னொரு பூனை வீட்டில் இருப்பவர்கள், திரும்பி வந்த பூனையைச் சில மணி நேரம் தனி அறையில் வையுங்கள். மருத்துவமனை வாசனையால் மற்றது அதை அந்நியமாக எண்ணிச் சீறும்.

வாலாஜா, ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

மாணவி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். பிள்ளைகள் இப்படிப் படித்து வருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

வாய்க்கூடு கொடுமையே அல்ல அம்மா. நாடாவால் வாயை இறுகக் கட்டுவதுதான் கொடுமை, அதுவும் நம் ஊர் வெயிலில். நாய் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான். வாயைக் கட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கட்டுவதானால் ஊசி ஏறும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். கூண்டுபோல் இருக்கும் வாய்க்கூட்டில் நாய் வாயைத் திறக்கலாம், மூச்சு வாங்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். உள்பக்கம் கெட்டித் தயிரைத் தடவி அவன் முன்னால் நீட்டுங்கள். அவனாக மூக்கை நுழைக்கட்டும். வாரைப் பூட்டாமலேயே சில நாள் இப்படி நக்கிப் பழகட்டும். பிறகு ஒரு நொடி பூட்டி அவிழுங்கள், பிறகு ஒரு நிமிடம். மருத்துவமனை வாசலில் முதன்முறையாக மாட்டினால் இத்தனை நாள் உழைப்பும் வீண். கடி விழாது என்ற உறுதி இருந்தால் உதவியாளரின் கையும் தளரும், அந்தத் தளர்ச்சி நாய்க்கும் தெரியும்.

தப்பித்தவறி யாருக்காவது பல் பட்டுவிட்டால், கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம்.

கத்திரி வெயில் காலத்தில் நம் பக்கம் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டும். பதினோரு மணிக்கு ஆட்டோவில் ஏற்றினால் நாய் போய்ச் சேரும்போதே பாதி சோர்ந்திருக்கும். காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள், அப்போது கூட்டமும் குறைவு. வழக்கமாக வரும் ஓர் ஆட்டோக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஹாரனைக் குறைத்து, மேடுபள்ளத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இருக்கையில் ஏற்றாமல் கால் வைக்கும் இடத்தில் விரிப்புப் போட்டு உட்காரவையுங்கள். அவனுக்குத் தெரிந்த தட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போங்கள். அறுவைச் சிகிச்சைக்கோ மயக்க மருந்துக்கோ போகும் நாளில் மட்டும் ஈரல் கொடுக்கக் கூடாது. அன்று வெறும் வயிறாக வரச் சொல்லியிருப்பார்கள்.

வாய்க்கூடு வாங்கும்போது அவனையும் கூட்டிப்போக வேண்டாம். மூக்கின் நுனியிலிருந்து கண்ணுக்குச் சற்றுக் கீழே வரை நீளத்தை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். வாயைச் சற்றுத் திறந்து மூச்சு வாங்கும்போது முகவாயின் சுற்றளவையும் அளந்து, இரண்டையும் குறித்து எடுத்துப் போங்கள். வாயை மூடியிருக்கும்போது அளந்தால் கூடு இறுகிவிடும். மூன்று வார அவகாசம் இருக்கிறதா என்று எழுதுங்கள், அதற்கேற்ப எதை முதலில் பழக்குவது என்று சொல்கிறேன்.

சத்துவாச்சாரி வாசகி:

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது ஐயா. இன்று காலை காதைத் தொட்டு ஈரல் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். பின்னங்காலைத் தொட்டதும் இழுத்துக்கொள்கிறான், முன்னங்கால் பரவாயில்லை. பின்னங்காலை இப்போதைக்கு விட்டுவிடலாமா?

வாலாஜா, ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

விட்டுவிடுங்கள். தோள்பட்டையிலிருந்து முதுகு வழியாகக் கையை நகர்த்தி, இடுப்பு வரை மட்டும் போய் நிறுத்தி ஈரல் கொடுங்கள். இழுத்துக்கொள்ளாத இடம்வரை போதும், ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை கீழே இறங்கலாம். ஒரு வாரம் கழித்தும் பின்னங்காலில் மட்டும் இழுத்துக்கொண்டால், அங்கே வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். நகமோ மூட்டோ காரணமாக இருக்கலாம். விரல்களின் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்பதை மட்டும் அவன் தூங்கும்போது இன்றே பார்த்துவிடுங்கள்.