ராத்திரியில் வயிற்றுக் குழாய் வழியாகப் பால்: வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

வைகைக்கரை:
சி.எஃப்.சி. என்ற அபூர்வ மரபணுக் கோளாறுள்ள மகனை வளர்ப்பது பற்றி டொராண்டோ பத்திரிகையாளர் இயன் பிரவுன் எழுதியதைப் படித்தேன். ராத்திரியில் பம்பு வழியாக வயிற்றுக்குள் பால் சொட்டுகிறது. பையன் அழுதால் அதைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள என் அக்கா மகளுக்கும் குழாய் வைக்கச் சொல்கிறார்கள். பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது?

தணிகை:
குழாய்க்காக வயிற்றில் போட்ட துளை ஓரிரு மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். நன்றாக ஆறிய துளை என்றால், ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி மாற்றுக் குழாயை மெதுவாகச் செருகி, பிளாஸ்டர் ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லையா? வீட்டில் செருகவே கூடாது. குழாய் இரைப்பைக்கு வெளியே போய்விடலாம்; அங்கே பால் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எப்போதானாலும், சரியான இடத்தில் இருப்பது உறுதியாகும்வரை ஒரு சொட்டுப் பாலும் வேண்டாம்.

உள்ளே குழாயைப் பிடித்து நிறுத்துவது பலூன். அதிலுள்ள தண்ணீரை வாரம் ஒருமுறை சிரிஞ்சில் உறிஞ்சி அளந்து பாருங்கள். சலைன் வேண்டாம், உப்புப் படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும், டிஸ்டில்டு வாட்டர்தான். சுற்றிலும் பால் கசிந்தால் உடனே பெரிய குழாய் கேட்காதீர்கள், அது துளையைத்தான் பெரிதாக்கும். முதலில் பலூனில் தண்ணீர் குறைந்திருக்கிறதா பாருங்கள்.

மருதாணி:
ராத்திரிக்கு: கட்டிலின் தலைமாட்டையே 30 டிகிரி உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கிப் பால் மேலே ஏறும். பம்பு குழாயை பைஜாமா காலுக்குள் விட்டு வெளியே எடுங்கள், கழுத்தில் சுற்றாது. கரைத்த பவுடர் பால் பையில் 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது. வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் மாற்றுங்கள். வயிறு உப்பியிருந்தால், பால் விடுமுன் உள்தண்டை எடுத்துவிட்ட வெறும் சிரிஞ்சை மாட்டிக் காற்றை வெளியேற்றுங்கள்.

வைகைக்கரை:
நன்றி. வலிப்பு மருந்தும் இதிலேயே போகுமா?

தணிகை:
போகும். ஆனால் பாலில் கலக்காதீர்கள். ஒவ்வொரு மருந்தும் தனித்தனியாக, முன்னும் பின்னும் 5 முதல் 10 மில்லி தண்ணீர். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சிரப் எழுதித் தரச் சொல்லுங்கள். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை 50 மில்லி சிரிஞ்சால் மெல்ல இழுத்துத் தள்ளுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் கிழியும். கம்பி விட்டுக் குத்தவே கூடாது.

மருதாணி:
குழாய் வந்ததும் பல் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. வாயால் சாப்பிடாத குழந்தைக்கும் பல்லில் காரை படியும். அந்தக் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். விழுங்கும் சோதனை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர் சம்மதித்தால், நாக்கில் கொஞ்சம் பருப்புத் தண்ணீரோ பழச்சாறோ தடவுங்கள். ருசி அந்தக் குழந்தைக்கும் உரியதுதான்.